ஆறு சீசன், இரண்டு ஆட்டம்

கோல்கீப்பர் ஸ்காட் கார்சன் மான்செஸ்டர் சிட்டியில் இருந்தது ஆறு சீசன். ஆடியது இரண்டே ஆட்டம். அதிலும் ஒன்றில் களத்தில் நின்றது கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். தாம்பரம், சேலையூர்ப் பக்கம் வார இறுதியில் பிரீமியர் லீக் பார்க்கும் பையன்களிடம் அவர் பேரைச் சொன்னால் "ஸ்டெப்னி" என்று சிரிப்பார்கள். எனக்கோ அவர் பெரிய கலைஞர். ஆடுகிறவரை ரசிக்கக் கண் போதும். ஆடாமல் தயாராக இருப்பவரை ரசிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

பெஞ்சில் இருக்கும் முன்கள வீரருக்குக் கடைசிப் பத்து நிமிடமாவது கிடைக்கும். கோல்கீப்பருக்கு அதுவும் அபூர்வம். முதல் ஆளுக்கு அடிபட வேண்டும், இல்லை சிவப்பு அட்டை காட்ட வேண்டும். அவர் விழுந்தால்தான் தனக்கு வாய்ப்பு என்று தெரிந்தும், தினமும் காலையில் அவருக்கே பந்தடித்துக் கொடுத்து நிமிர்த்திவிடுவதுதான் இந்த வேலை. கார்சன் சிட்டியில் மூன்றாவது ஆள். முதல் ஆள் எடர்சன் பிரேசில்காரர், அடுத்திருந்த ஸ்டெஃபன் அமெரிக்கர், பிறகு வந்த ஒர்டேகா ஜெர்மானியர். 25 பேர் பட்டியலில் உள்நாட்டில் வளராதவர்கள் 17 பேருக்கு மேல் கூடாது என்கிறது பிரீமியர் லீக் விதி. அதனால் ஓர் இங்கிலாந்து கீப்பருக்கு இடம் இருந்தது. இடம் கொடுத்தது விதி என்றாலும், ஆறு சீசன் தாக்குப்பிடித்தது அவர் சாமர்த்தியம்.

ஆரம்பத்தில் அவர் வளரும் நட்சத்திரம். 2005 ஏப்ரலில், 19 வயதில், லிவர்பூலுக்காகக் கோலில் நின்று யுவென்டஸை 2-1 என்று ஜெயித்தவர். 2007 நவம்பரில் வெம்ப்ளியில் குரோஷியாவுக்கு எதிராக இங்கிலாந்து அவரைத்தான் நம்பியது. எட்டாவது நிமிடத்தில் கிரான்சார் தூரத்திலிருந்து அடித்த பந்து முன்னால் குத்தி எழும்பி, கார்சனின் கையில் பட்டு உள்ளே போய்விட்டது. 3-2 என்று தோற்ற இங்கிலாந்து, யூரோ 2008-க்கே போகவில்லை. 22 வயதில் ஒரு நாடு முழுக்க வசை வாங்கினார். அதோடு ஒதுங்கிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கையுறையைக் கழற்றவில்லை.

சிட்டிக்காக முதல் ஆட்டம் 2021 மே 14, நியூகாசிலுடன். நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. சிட்டி ஏற்கெனவே சாம்பியன் என்பதால் பயிற்சியாளர் பெப் கார்டியோலா 35 வயது கார்சனை இறக்கினார். பிரீமியர் லீக்கில் அவர் கடைசியாக ஆடியது 2011-இல். இரண்டாம் பாதியில் ஜோ வில்லாக்குக்குப் பெனால்டி. கார்சன் தடுத்துவிட்டார். பந்து திரும்பி வில்லாக்கின் காலுக்கே போக, அவர் அதை உள்ளே தள்ளினார். ஆட்டத்தை சிட்டி 4-3 என்று ஜெயித்தது. கோல் பட்டியலில் வில்லாக் பெயர் இருக்கிறது. கார்சன் தடுத்தது அதில் ஏறாது. பத்து வருஷம் பிரீமியர் லீக் ஆட்டமே பார்க்காத கை பெனால்டியை எட்டித் தடுத்ததே, அந்த ஒரு கணத்துக்காகவே அந்த ஆட்டம் எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டாவது ஆட்டம் 2022 மார்ச் 9, ஸ்போர்ட்டிங் லிஸ்பனுடன். முதல் லெக்கை சிட்டி 5-0 என்று ஜெயித்திருந்தது. 73-ஆவது நிமிடத்தில் எடர்சனுக்குப் பதிலாக வந்தார், கோல் விடவில்லை. சாம்பியன்ஸ் லீகில் அவர் அதற்கு முன் ஆடியது அந்த யுவென்டஸ் ஆட்டம்தான். நடுவில் ஏறக்குறைய 17 ஆண்டுகள்! 2005-இல் லிவர்பூலோடு, 2023-இல் சிட்டியோடு என்று இரண்டு முறை அந்தக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். இரண்டு இறுதி ஆட்டமும் இஸ்தான்புல்லில், ஒரே மைதானத்தில். இரண்டிலும் அவர் ஆடவில்லை.

இந்தக் கலையைக் கிட்டத்தில் பார்க்க இங்கிலாந்து போக வேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பெரியமேடு நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம். சென்னையின் எஃப்சி ஆட்டத்தன்று மற்றவர்களுக்கு முன்பே கோல்கீப்பர்கள் வார்ம்-அப்புக்கு வந்துவிடுவார்கள். மாற்றுக் கீப்பர் மேல் கண்ணை வையுங்கள். முதலில் தானும் சேர்ந்து பந்து பிடிப்பார். பிறகு ஒதுங்கி, அடித்துக் கொடுக்கிறவராக மாறிவிடுவார். தரையோடு சில, மார்புக்கு நேராகச் சில, பக்கவாட்டிலிருந்து உயரத் தூக்கிச் சில. பிடிக்கவே முடியாதபடி அடித்தால் ஆடப்போகிறவரின் மனசு கெடும். மெத்தனமாகக் கொடுத்தால் உடம்பு சூடேறாது. நல்ல மாற்றுக் கீப்பருக்கு அந்த அளவு காலில் இருக்கும். கடைசிப் பந்துகளைக் கைக்கு வாகாகத் தந்து அனுப்பிவைப்பார். ஆடப்போகிற கையில் பிடித்த பந்தின் ருசி இருக்க வேண்டுமே!

ஆட்டக் கணக்கை வைத்துப் பார்த்தால் கார்சன் தோற்றவர். நான் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. உங்களுக்கும் சந்தேகமிருந்தால், அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது கோலுக்குப் பின்னால் எடுங்கள். முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய் உட்காருங்கள்.