மான்செஸ்டர் யுனைடெட்டின் சரிவும் ரசிகர்கள் நடத்தும் விசாரணையும்

2025 மே 21-ஆம் தேதி இரவு, பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் டாட்டன்ஹாமிடம் 0-1 என்று மான்செஸ்டர் யுனைடெட் தோற்றது. வென்ற அணி அந்தப் பருவத்தில் பிரீமியர் லீக்கில் 17-ஆம் இடத்தில் முடித்த அணி. யுனைடெட் 42 புள்ளிகளோடு 15-ஆம் இடம். 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கிய பிறகு அந்த கிளப் இவ்வளவு கீழே இறங்கியதில்லை. விசில் ஊதி முடிவதற்குள் ரசிகர்களின் விசாரணை தொடங்கிவிட்டது. 3-4-2-1 அமைப்பைக் கடைசிவரை விடாத பயிற்சியாளர் ரூபன் அமோரிம்தான் காரணம் என்றார்கள் சிலர். கோல் போடத் தெரியாத முன்களம் என்றார்கள் வேறு சிலர். முதலாளிகளான கிளேசர் குடும்பம், 2024 முதல் கால்பந்து நிர்வாகத்தைக் கையில் வைத்திருக்கும் ஜிம் ராட்கிளிஃப் என்று பட்டியல் நீண்டது.

இரண்டு நாள் கழித்து நேப்பிள்ஸில் ஸ்காட் மெக்டோமினே அந்தரத்தில் எகிறி அடித்த கோல், நாப்போலிக்கு இத்தாலிய லீக் பட்டத்தை உறுதி செய்த வெற்றியின் முதல் கோலானது. அந்தப் பருவத்தில் இத்தாலிய லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. சிறுவயதிலிருந்து தன்னிடமே வளர்ந்த அவரை யுனைடெட் முந்தைய கோடையில்தான் சுமார் 2.5 கோடி பவுண்டுக்கு விற்றிருந்தது. நடுக்களத்தில் பந்தை வாங்கித் திரும்பக்கூடத் தெரியாதவர் என்று, யுனைடெட்டின் திடலான ஓல்ட் டிராஃபோர்டு ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஆண்டுக்கணக்கில் குறை சொன்ன ஆட்டக்காரர் அவர்.

தோற்ற அணியின் ரசிகர்கள் குற்றவாளியைத் தேடுவதை வெறும் வாய்ச்சண்டை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயிற்சியாளர் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கிறார். ஆட்டக்காரர் கூடுதலாகச் சில ஆண்டுகள் இருக்கலாம். முதலாளி நினைத்தால் பங்கை விற்றுவிட்டுப் போய்விடுவார். தாத்தா, அப்பா, பிள்ளை என்று அதே திடலுக்கு வந்துகொண்டே இருப்பவர்கள் ரசிகர்கள் மட்டும்தான். பழையதை நினைவில் வைத்துக் கேள்வி கேட்க வேறு ஆளில்லை. ஆனால் இந்த விசாரணை திரும்பத் திரும்பத் தவறான ஆளையே கூண்டில் ஏற்றுகிறது. அது தற்செயலாக நடப்பதுமில்லை.

முதலில் ரசிகர்களின் பக்கம் நிற்கும் சான்றுகளைச் சொல்லிவிட வேண்டும். 1998-இல் ரூபர்ட் முர்டோக்கின் பிஸ்கைபி நிறுவனம் 62.3 கோடி பவுண்டுக்கு யுனைடெட்டை வாங்க வந்தது. கிளப்பின் இயக்குநர் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. ரசிகர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சிறு பங்குகள் வைத்திருந்தவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள்; ஒளிபரப்பு உரிமைக்கு ஏலம் கேட்கும் நிறுவனமே கிளப்பின் உரிமையாளராகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஏகபோக வணிகங்களை ஆராயும் ஆணையத்தின் முன் எடுத்துவைத்தார்கள். 1999 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு அந்த விற்பனையைத் தடுத்தது.

2005-இல் அவர்களால் தடுக்க முடியவில்லை. மால்கம் கிளேசர் 79 கோடி பவுண்டு மதிப்பில் கிளப்பை வாங்கினார். அதில் பெரும்பகுதி கடன். கடனே இல்லாமல் இருந்த கிளப்பின் தலையில் அது ஏற்றப்பட்டது. இந்தக் கடன் ஒருநாள் அணியையும் திடலையும் அரிக்கும் என்று அன்றே சொன்னவர்கள் ரசிகர்கள். சிலர் மனமுடைந்து எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தங்களுக்கென ஒரு கிளப்பையே தொடங்கினார்கள். அதன் பிறகு 2007, 2008, 2009 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டம் வந்தது, 2008-இல் சாம்பியன்ஸ் லீக்கும் வந்தது. எச்சரித்தவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்றே பலருக்கும் தோன்றியது. கோப்பை வந்துகொண்டிருந்த 2010-இலும், கிளப் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் பிறந்த காலத்துப் பச்சையும் பொன்னிறமுமான கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்புக் காட்டியவர்களை நான் பெரிதாக மதிக்கிறேன். வெற்றி நேரத்தில் கணக்குக் கேட்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். 2024 மே மாதம் ஆர்சனலுடனான ஆட்டம் முடிந்ததும் பெய்த மழையில் ஓல்ட் டிராஃபோர்டின் கூரையிலிருந்து நீர் அருவியாகக் கொட்டியதை உலகம் பார்த்தது. இருபது ஆண்டுகளில் வட்டியாக மட்டுமே பல பத்துக் கோடிப் பவுண்டு அந்த கிளப்பிலிருந்து வெளியே போயிருந்தது.

இப்படித் தெளிவாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஆட்ட நாளில் ஏன் தடுமாறுகிறார்கள்? இருக்கையிலிருந்து தெரிவது புல்தரை மட்டும் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறு செய்த கால் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் காலை அங்கே கொண்டுவந்து நிறுத்திய முடிவு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஓர் அறையில் எடுக்கப்பட்டது.

1974 ஏப்ரல் 27 இதற்கு நல்ல சான்று. யுனைடெட்டின் செல்லப்பிள்ளையாக இருந்து, முந்தைய கோடையில் கழற்றிவிடப்பட்டு மான்செஸ்டர் சிட்டிக்குப் போன டெனிஸ் லா, ஓல்ட் டிராஃபோர்டில் குதிகாலால் தட்டிய பந்து வலைக்குள் போனது. யுனைடெட் தோற்றது, முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. கோல் அடித்தவர் கொண்டாடவில்லை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறினார். லாவின் குதிகால்தான் யுனைடெட்டை வீழ்த்தியது என்ற கதை அரை நூற்றாண்டாகச் சொல்லப்பட்டு வருகிறது. உண்மையில் அன்று மற்ற திடல்களில் வந்த முடிவுகளால், சிட்டியை வென்றிருந்தாலும் யுனைடெட் இறங்கித்தான் இருக்கும். 1968-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணிக்கு வயதாகிக்கொண்டிருந்தது, அதைப் புதுப்பிக்கவில்லை. 1969-இல் பயிற்சியாளர் பொறுப்பைவிட்டு இறங்கிய மேட் பஸ்பி அதே கட்டிடத்தில் தொடர்ந்து இருந்தார். அவருக்குப் பின் வந்த வில்ஃப் மக்கின்னஸும் ஃபிராங்க் ஓஃபாரலும் அவர் நிழலில் நின்று, அடுத்தடுத்து நீக்கப்பட்டார்கள். ஆறு ஆண்டுகளில் நடந்த சீரழிவை ஒரு குதிகாலுக்குள் அடக்குவது மனதுக்கு எளிதாக இருக்கிறது.

2013-இல் இதே கதை மறுபடி நடந்தது. 26 ஆண்டுக்கும் மேல் பயிற்சியாளராக இருந்து 13 லீக் பட்டங்களை வென்ற அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தவரும், அவர்களுக்கு விலை பேசி முடித்தவரும் ஒரே நேரத்தில் போய்விட்டார்கள். கில்லின் இடத்துக்கு வந்த எட் வுட்வர்ட், கிளேசர் குடும்பம் கிளப்பை வாங்க உதவிய வங்கியாளர். கால்பந்து நிர்வாகத்தில் அவருக்கு முன் அனுபவம் கிடையாது. அந்தக் கோடையில் முதல் அணிக்கென்று வந்த பெரிய ஆட்டக்காரர் ஃபெல்லைனி ஒருவர்தான். அவரையும் ஒப்பந்தத்தில் குறிப்பிட்டிருந்த குறைந்த விலைக்கான கெடு முடிந்த பிறகு, கூடுதலாகக் கொடுத்து 2.75 கோடி பவுண்டுக்குக் கடைசி நாளில் வாங்கினார்கள். பழியோ புதிய பயிற்சியாளர் டேவிட் மோயஸ் தலையில் விழுந்தது. 2014 மார்ச்சில் அவரை நீக்கச் சொல்லும் பதாகையைக் கட்டிக்கொண்டு ஒரு சிறு விமானம் திடலுக்கு மேலே பறந்தது. அடுத்த மாதம் அவர் போனார். மோயஸ் அந்த வேலைக்குச் சிறியவர் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அவரை நீக்கியதோடு விசாரணை முடிந்துவிட்டதாக எல்லோரும் எழுந்து போனார்கள். வுட்வர்ட் மேலும் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இருந்தார். யுனைடெட்டுக்கு முதன்முதலாகக் கால்பந்து இயக்குநர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டது 2021 மார்ச்சில்தான்.

அந்த இடைவெளியின் விலையை ஆட்டக்காரர்களின் பட்டியலில் படிக்கலாம். பந்தைத் தன்வசம் வைத்தாடச் சொன்ன வான் கால், பின்வாங்கி நின்று எதிர்த்தாக்குதல் நடத்திய மொரின்யோ, பழைய நினைவுகளின் துணையோடு வந்த சோல்ஷேர், அயாக்ஸிலிருந்து வந்த டென் ஹாக் என்று ஒவ்வொருவரும் தனக்கேற்ற ஆட்களை வாங்கினார்கள், அடுத்தவருக்குப் பொருந்தாத ஒரு கூட்டத்தை விட்டுப் போனார்கள்.

ஹாரி மெக்வயரின் கதையை இதற்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2019-இல் 8 கோடி பவுண்டு கொடுத்து அவரை வாங்கினார்கள். ஒரு தற்காப்பு ஆட்டக்காரருக்கு உலகில் அதுவரை யாரும் கொடுக்காத தொகை அது. அந்த விலையை அவர் நிர்ணயிக்கவில்லை. பெட்டிப் பகுதிக்கு அருகில் நின்று, உயரப் பந்துகளை முட்டித் தள்ளும் அணியில் அவர் அருமையான ஆட்டக்காரர். தற்காப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றிவைத்து, பின்னால் ஓடும் வேகக்காரரைத் துரத்தச் சொன்னால் திணறுவார். இது அவரை வாங்கும் முன்பே தெரிந்த விஷயம். ஆனாலும் ஒவ்வொரு கோலுக்கும் அவர் பெயரே சொல்லப்பட்டது. கேப்டன் பதவி பறிபோனது, அவர் தொட்ட பந்துக்கெல்லாம் கேலிக் கூச்சல் எழுந்தது. 2025 ஏப்ரலில் லியோனுக்கு எதிராக, கூடுதல் நேரமும் தீர்ந்துபோன கடைசி நொடிகளில் தலையால் முட்டி வெற்றிக் கோலைப் போட்டவர் அவரேதான். முன்பு ஏசியவர்களில் எத்தனையோ பேர் அன்று அவர் பெயரைப் பாடியிருப்பார்கள். அந்த ஒரு கோல் அவருடைய குறைகளை அழித்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. தன் பலத்துக்கேற்ற இடத்தில் அவரை நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்பது ஆறு ஆண்டுகளாகக் கண்முன் இருந்தது, விவாதத்தில் மட்டும் வரவில்லை.

பழி தனி மனிதன் மேல் குவியும்போது அதற்குள் வேறு நஞ்சும் வந்து சேர்கிறது. 2019 ஆகஸ்டில் சில நாள் இடைவெளியில் பால் போக்பாவும் மார்கஸ் ராஷ்ஃபோர்டும் ஆளுக்கொரு பெனால்டியைத் தவறவிட்டார்கள். இருவருமே சமூக ஊடகங்களில் நிறவெறி வசைக்கு ஆளானார்கள். விளையாட்டு என்றால் உணர்ச்சி மிஞ்சத்தான் செய்யும் என்று இதற்குச் சமாதானம் சொல்வதை ஏற்கவே முடியாது.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு வாதம் உண்டு. ஃபெர்குசனுக்குக் கொடுத்த அவகாசத்தை இவருக்கும் கொடுங்கள் என்பது அது. மோயஸ் முதல் அமோரிம் வரை ஏறக்குறைய எல்லோருக்காகவும் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். 1989 டிசம்பரில், மூன்று ஆண்டுச் சாக்குப்போக்கு போதும், போய் வாருங்கள் என்ற பொருளில் ஃபெர்குசனுக்கு எதிராக ஒரு ரசிகர் பதாகை தூக்கினார். அந்தப் பருவத்தில் அணி 13-ஆம் இடத்தில் முடித்தது. திடலில் தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் பதாகையில் தவறே இல்லை. திடலில் தெரியாதது ஒன்று இருந்தது. மான்செஸ்டரிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறுவர்களைத் தேடும் ஆட்களை அவர் பெருக்கியிருந்தார், இளையோர் பயிற்சியை அடியிலிருந்து மாற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் 1992-இல் இளையோர் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிக்ஸ், பெக்காம், கேரி நெவில், பட் ஆகியோர் வந்தார்கள். 1990 ஜனவரியில் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு எதிராக மார்க் ராபின்ஸ் அடித்த கோல்தான் ஃபெர்குசனின் வேலையைக் காப்பாற்றியது என்பது பிரபலமான கதை. அன்று தோற்றிருந்தாலும் அவரை நீக்கியிருக்க மாட்டோம் என்று அப்போதைய தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் பின்னாளில் சொன்னார். உள்ளே நடந்துகொண்டிருந்த வேலை அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஒருவருக்கு அவகாசம் கேட்கிறவர், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவர் என்ன கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதையும் காட்ட வேண்டும். வெறும் பொறுமைக்கு ஃபெர்குசனைச் சாட்சிக்கு அழைக்கக்கூடாது.

முதலாளிகளைப் பழிப்பதிலும் ஒரு சோம்பல் புகுந்துவிட்டது. இதைச் சொன்னால் யுனைடெட் ரசிகர்கள் பலருக்குக் கோபம் வரும். கிளேசர்கள் பணமே செலவழிக்கவில்லை என்ற பேச்சு உண்மையில்லை. போக்பாவுக்கு 8.9 கோடி, லுகாகுவுக்கு 7.5 கோடி, சான்சோவுக்கு 7.3 கோடி, ஆண்டனிக்கு 8 கோடிக்கும் மேல் என்று பவுண்டுகளைக் கொட்டினார்கள். ஆண்டனி, ஒனானா, லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ் என்று டென் ஹாக் காலத்தில் வந்தவர்களில் பலர் அயாக்ஸில் அவரிடம் ஆடியவர்கள். அந்தத் தேர்வுகளுக்கு அவரும் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் கிளேசர்தான் காரணம் என்றால் வேறு யாரும் எதற்கும் காரணமில்லை என்றாகிவிடுகிறது. கிளேசர்கள் மீதுள்ள கனமான குற்றச்சாட்டு வேறு: கடனைச் சுமத்தினார்கள், திடலைக் கவனிக்காமல் விட்டார்கள், கால்பந்து தெரிந்தவர்கள் அமர வேண்டிய நாற்காலியைப் பல ஆண்டுகள் காலியாக வைத்திருந்தார்கள். இப்படிப் பிரித்துச் சொல்லும்போது குற்றச்சாட்டின் எடை கூடுகிறது.

மெக்டோமினே விற்கப்பட்டதையும் இப்படித்தான் அணுக வேண்டும். தாங்களே வளர்த்த ஆட்டக்காரரை விற்றால் முழுத்தொகையும் லாபமாகக் கணக்கில் ஏறும். விலைக்கு வாங்கியவரை விற்றால் அப்படி ஏறாது. பிரீமியர் லீக்கின் நிதி விதிகள் இறுக்கும்போது, உள்ளூர்ப் பிள்ளையை விற்பதுதான் கிளப்புக்கு எளிய வழியாகிறது. அவர் தரமானவரா இல்லையா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியவர்களில் எத்தனை பேர், எந்தச் செலவுகள் கிளப்பை அந்த மூலைக்குத் தள்ளின என்று கேட்டார்கள்?

ராட்கிளிஃப் வந்த பிறகு நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். 2024-25 பருவத்தின் நடுவிலேயே டிக்கெட் விலை 66 பவுண்டாக ஏறியது. சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் கிடைத்துவந்த சலுகை அதில் இல்லை. 2025 மார்ச் 9 அன்று ஆர்சனல் ஆட்டத்துக்கு முன் ரசிகர்கள் கறுப்பு உடையில் ஊர்வலம் போனார்கள். இரண்டு நாளில் 200 கோடி பவுண்டு செலவில் ஒரு லட்சம் இருக்கைகளோடு புதிய திடல் கட்டும் திட்டத்தை கிளப் அறிவித்தது. பணம் எங்கிருந்து வரும் என்று அப்போது விளக்கவில்லை. அடுத்த தோல்விக்குப் பிறகு எந்தப் பின்களக்காரரைத் திட்டுவது என்ற பேச்சு எப்படியும் நடக்கும். அந்த நேரத்தில் பாதியையாவது இந்தத் திடலுக்கு ஒதுக்க வேண்டும்: கடன் யார் பெயரில் எழுதப்படுகிறது, எத்தனை ஆண்டில் அடைப்பார்கள், அன்று 66 பவுண்டு கொடுத்தவருக்கு அங்கே என்ன விலையில் இருக்கை கிடைக்கும். இந்த மூன்றுக்கும் அடிக்கல் நாட்டும் முன்பே எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.