பேருந்து கேட்டவர்களின் பிள்ளைகள்

கறுப்புப் பொம்மை ஒன்று, வெள்ளைப் பொம்மை ஒன்று. "எது நல்ல பொம்மை?" என்று கேட்டதும் சிறுமி வெள்ளையைக் காட்டுகிறாள். "எது உன்னை மாதிரி இருக்கிறது?" என்றதும் விரல் நடுவழியில் நின்று, பிறகு கறுப்பைத் தொடுகிறது. இந்தக் காணொளியை எனக்கு அனுப்பிய ஆசிரிய நண்பர், நம் பள்ளிகளிலும் இதைச் செய்ய வேண்டும், பெற்றோருக்குக் கண் திறக்கும் என்கிறார். எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியின் இந்தப் பொம்மைச் சோதனை வரலாற்றில் இடம் பெற்றதுதான். அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத்தின் ஆய்வும் உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்தத் தீர்ப்பில் அடங்கிய வழக்குகளில் ஒன்று பொம்மையில் தொடங்கவில்லை. தென் கரோலினாவின் கிளாரண்டன் வட்டாரத்தில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு முப்பது பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. 1947இல் பெற்றோர் கேட்டது ஒரு பேருந்து. 1949-50இல் வெள்ளைப் பிள்ளை ஒன்றுக்கு 179 டாலர் செலவிட்ட நிர்வாகம், கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலர் செலவிட்டது. வழக்குப் போட்ட ஹாரி பிரிக்ஸுக்குப் பெட்ரோல் பங்க் வேலை போயிற்று. மனைவி எலைசாவுக்கு விடுதி வேலை போயிற்று. உடன் நின்ற பாதிரியார் டிலேனின் வீடு எரிந்தது. 1951இல் கென்னத் கிளார்க் அங்கே 16 பிள்ளைகளிடம் பொம்மைகளைக் காட்டினார். 10 பேர் வெள்ளைப் பொம்மையே நல்லது என்றார்கள். இன்று அந்தப் பத்து விரல்கள்தான் நினைவில் நிற்கின்றன. பேருந்து போய்விட்டது.

என் நெடுநாள் மனத்தாங்கல் இதுதான். பேருந்து மறுப்பது அநியாயம் என்று காட்ட ஒரு குழந்தையின் அவமானம் எதற்குச் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்? காயம் பிள்ளையின் மனத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், மருந்தும் பிள்ளைக்கே என்றாகிவிடும். தன்னம்பிக்கை வகுப்பு, 'நீயும் அழகுதான்' என்ற பாட்டு. 43 டாலர் ஒதுக்கியவரை யாரும் எந்தப் பொம்மையையும் காட்டிக் கேட்பதில்லை. தவிர, பிரிவினை இல்லாத மாசசூசெட்ஸ் பள்ளிப் பிள்ளைகளும் கிளார்க்கிடம் வெள்ளைப் பொம்மையைத்தான் விரும்பினார்கள். அவர்களில் சிலர் "எது உன்னை மாதிரி?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடினார்கள். கிளார்க்குக்கு அந்த அழுகை வருத்தம் தந்தது. இன்றைய கேமராக்கள் அதற்காகவே காத்திருக்கின்றன.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். நம் ஊரில் யாரைச் சோதிக்கலாம் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் பள்ளி ஆண்டு விழாப் படம் என்னிடம் இருந்தது. வரவேற்பு நடனத்தில் சிவப்பான பிள்ளைகள் முன்வரிசையில். கறுத்த பிள்ளைகள் பின்னால், பாதி முகம் மறைந்து. "வரிசை பிரித்தது யார்?" என்றேன்.

"நாங்கதான், டீச்சருங்க" என்றார். அந்த டீச்சர்களையே உட்கார வைத்துக் கேளுங்கள் என்றேன்.