பால்வெட்டுக்காரர் திறனற்றவரா?

ஏற்றத்தாழ்வுக்கு மருந்து தொழிற்பயிற்சியே என்போர் நம்மிடையே பலர். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வெளியேறிய தமிழரைப் பற்றிப் பேசும்போதும், ‘கைத்திறன் இல்லை; அதனால் பின்தங்கினர்’ என்று முடித்துவிடுவர். இக்கூற்று ஆராயாமல் ஏற்கத்தக்கதன்று.

பால்மரம் வெட்டுவது எளிய வேலையா? சரிந்த கோட்டில் பட்டையை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமே சீவவேண்டும். கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் காயமுறும். பின்னர் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். ஆழம் குறைந்தாலோ பால் போதிய அளவு வாராது. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்கு ஓடும். விடியாப் பொழுதில் நெற்றி விளக்கின் ஒளியில் இதனைச் செய்த பெண்களைத் திறனற்றோர் என்பவர், அக்கத்தியை ஒருநாளும் பிடித்திரார்.

அவர்களிடம் இல்லாதது திறனன்று. அதனை வெளியுலகம் மதிக்கச் செய்யும் சான்றிதழும், சொந்தக் கூரையுமே. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. தோட்டம் கைமாறி மூடப்பட்டால் வேலையும் வீடும் சேர்ந்தே போயின.

பயிற்சிக்கூடம் இல்லாமலில்லை. ஈப்போவில் உங்கு ஓமார் பொலிடெக்னிக் 1969-இல் யுனெஸ்கோ துணையுடன் தோன்றியது. ஆனால் அதன் வாயிலை அடைய இடைநிலைப் பள்ளியை முடித்திருக்கவேண்டும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தால் எழுந்த தோட்டப் பள்ளிகளோ தொடக்கக் கல்வியோடு நின்றன.

1992-இல் மனிதவள மேம்பாட்டுச் சட்டம் வந்தது. முதலாளிகளிடம் சம்பளத் தொகையில் நூற்றுக்கு ஒன்று வசூலித்துப் பயிற்சிக்குச் செலவிடும் ஏற்பாடு; நல்ல ஏற்பாடுதான். எனினும் தொடக்கத்தில் அது ஐம்பது பேருக்குக் குறையாத ஆலைகளுக்கே உரியதாயிருந்தது. தோட்டத்திற்கு அதில் இடமில்லை. அன்றியும், அப்பணம் வேலையில் இருப்பவனை நாடிச் செல்வது. வேலை இழந்தவனுக்கு முதலாளி ஏது?

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் நோயின் வேரை வேறிடத்தில் கண்டார். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி செலுத்திய தொழிலாளரின் பணத்தால் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. உழைப்பவன் காலடியில் நிலம் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு.

இன்றைய திட்டக்காரர் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. ஆறு மாதப் பயிற்சிக்கு ஈப்போ வரும் இளைஞன் எங்கே தங்குவான், அதுவரை அவன் வீட்டுக்கு அரிசி வாங்குபவர் யார் என்பதற்கு விடை சொல்லாத திட்டம், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே போய்ச் சேரும். தோட்டம் விற்பனைக்கு வருமுன்பே, குடும்பம் லயத்தில் இருக்கும்போதே, பயிற்சியும் உதவித்தொகையும் தொடங்கவேண்டும். அதற்கான செலவைத் தோட்டத்தை விற்பவரும் ஏற்கவேண்டும்.