தாய்மண் உதிர்ந்த கன்று

கன்றைப் பையோடு வாங்கி, தாய்மண் உடையாமல் நட வேண்டும். மண் உதிர்ந்தால் கன்று பிழைக்காது. நம் ஊரில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்திலும் பெரும்பாலான கன்றுகள் பாலித்தீன் பையில்தான் வளர்கின்றன. தென்காசி வட்டாரத்தைப் பொறுத்தவரை இந்த விதி பாதிதான் சரி. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காததால் பணமும் கன்றும் வீணாகின்றன.

குளிர்நாடுகளில் ஆப்பிள், மேப்பிள் கன்றுகளை மண்ணில்லாமல் வெறும் வேரோடு விற்பது பழைய வழக்கம். பனிக்காலத்தில் மரம் இலையுதிர்த்து உறங்குகிறது. வேர் அறுந்தாலும் தண்ணீர் கேட்க மேலே இலை இல்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட மரங்களின் வேரை நீர்பிடிக்கும் கூழில் முக்கி, பையால் மூடி எடுத்துச் சென்று, தெருவோரங்களில் நட்டு வளர்த்துக் காட்டினார்கள். அதைப் பார்த்து இங்கே வேம்பையும் புங்கையும் பச்சை இலையோடு பிடுங்கி நட்டால் சில நாளில் வாடிவிடும். நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகள் வெயிலும் காற்றும் பட்டால் நிமிடக் கணக்கில் உலர்ந்துபோகும். புதுவேர் விடும்வரை கன்று தன் சேமிப்பில்தான் வாழ வேண்டும். அதுவரை இலை எவ்வளவு நீரைச் செலவழிக்கிறது என்பதில்தான் கன்றின் ஆயுள் இருக்கிறது.

இந்தக் கணக்கை நம் பக்கத்தில் சரியாகப் போட்டவர்கள் தேக்கு நடுபவர்கள். பாத்தியில் ஓராண்டு வளர்ந்து கட்டைவிரல் கனம் வந்த நாற்றைப் பிடுங்கி, தண்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் விட்டு வெட்டுகிறார்கள். ஆணிவேரை 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு நறுக்கி, பக்கவேர்களைச் சீவிவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு குச்சி. இலை இல்லை, தூவி இல்லை, ஆனால் ஆணிவேரில் மாவுச்சத்து நிறைய. கடப்பாரையால் குத்திய குழியில் இறக்கி, காற்று தங்காமல் மண்ணை இறுக மிதித்தால் போதும். பைக்கன்று சில நூறு ஏறும் வண்டியில் நாற்றுக்குச்சி ஆயிரக்கணக்கில் ஏறும். மணலில் புதைத்து வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. தேக்கைப் பையில் வளர்த்துச் சுமப்பதற்கு நியாயமே இல்லை என்று துணிந்து சொல்வேன்.

ஆனால் எங்கே, எப்போது நடுவது? குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். வெயில் மங்கி, மண் ஈரமாக, காற்றே நனைந்திருக்கும். வெறும் வேருக்கு இதைவிட நல்ல பருவம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அதே மாதங்களில் அதே காற்று செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி, ஈரத்தை மலையடிவாரத்திலேயே இறக்கிவிட்டு, சுரண்டை, ஆலங்குளம் பக்கம் வறண்ட வேகத்தோடு வந்து சேர்கிறது. அங்கே காற்றாலைகள் சுழல்வது அதனால்தான். அம்மியையே புரட்டும் ஆடிக்காற்றில் வேரைத் திறந்து வைப்பது கொலைக்குச் சமம். அந்தப் பக்கத்தார் ஐப்பசி மழைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே மாவட்டத்துக்கு ஒரே நடவு நாள் குறிக்கும் திட்டம் எதுவும் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காததே.

பைக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: பை வேரை மறைக்கிறது. காலம் கடந்து பையில் நின்ற கன்றின் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டு, நட்ட பின்னும் அதே சுருளில் தடிக்கும். ஐந்தாறு ஆண்டு கழித்து மரம் காற்றில் சாயும்போதுதான் காரணம் தெரியவரும். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் பை வேரை இப்படி மறைப்பது பெரிய விஷயம். வேரழுகல் பூஞ்சையும் நூற்புழுவும் நாற்றங்கால் மண்ணோடு தோட்டத்துக்குள் நுழைகின்றன. விலை கொடுத்து வாங்கிவந்த நோயாகிறது அது. வெறும் வேர்க் கன்றானால் கழுவிப் பார்க்கலாம்: வெள்ளை நுனிகள் இருக்கின்றனவா, தோல் உரிகிறதா, கழுத்து வளைந்திருக்கிறதா. இருந்தாலும் எலுமிச்சை இலையுதிராத மரம் என்பதால், அதில் வெறும் வேருக்கு என் வாக்கு இல்லை. பையிலேயே வாங்கலாம், ஆனால் வாங்கும்போது பத்துக்கு ஒன்றை உடைத்து, மண்ணை உதறி வேரைப் பார்த்துவிட வேண்டும். அந்த ஒன்றின் விலையைப் பார்த்தால் தோட்டமே போகும்.

மங்குஸ்தானுக்கும் ஜாதிக்காய்க்கும் பைதான் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஜாதிக்காயும் கிராம்பும் நட்டுப் பார்த்த மண் குற்றாலம். சீசனில் மங்குஸ்தான் குவிவதும் இங்கேதான். மங்குஸ்தானின் நீண்ட ஆணிவேர் மிக மென்மையானது, பக்கவேர்கள் குறைவு, வேர்த்தூவிகளும் கிடையாது. அறுந்த வேருக்கு மாற்று தேட அதனால் முடியாது. ஆழமான பை, உடையாத தாய்மண், நிழல்: மூன்றும் இல்லையென்றால் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஆல், அரசு, பூவரசு மூன்றையும் இந்த வழக்குக்குள் இழுக்கவே தேவையில்லை. மழைநாளில் போத்து வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும்.

ஆகவே மலையடிவாரத்தில், சாரல் நாளில், தேக்கு நாற்றுக்குச்சிக்கு முழு மதிப்பெண். இலையுதிர்க்கும் மற்ற மரங்களை இலையைக் கழித்து, வேரைச் செம்மண் குழம்பில் முக்கி, ஈரச் சாக்கில் சுற்றி, பிடுங்கிய அன்றே நடுவதானால் முயன்று பார்க்கலாம். மறுநாளைக்கு வைப்பதானால் வேண்டாம். இது நடக்க வேண்டுமானால் மாவட்டத்து நாற்றங்கால்கள் பைகளை அடுக்குவதோடு நில்லாமல், முந்தைய ஆண்டிலேயே பாத்தியில் தேக்கு விதைத்து வைக்க வேண்டும். சாரல் தொடங்கிய பிறகு கன்று தேடினால் பைக்கன்றுதான் கிடைக்கும்.