எந்தத் தோளில் அங்கி?

செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு மாணவரைப் பார்த்து ‘எந்த ஆண்டு படிக்கிறீர்கள்?’ என்று கேட்க வேண்டியதில்லை. தோளைப் பார்த்தால் போதும். சிவப்பு அங்கி இரு தோளிலும் ஒழுங்காக ஏறி உட்கார்ந்திருந்தால் முதலாண்டு. சற்றே பின்னால் நழுவியிருந்தால் இரண்டாமாண்டு. ஒரு தோளில் மட்டும் இறங்கிக் கிடந்தால் மூன்றாமாண்டு. அதிலும் இடத்தோள் என்றால் கலைப்பிரிவு, வலத்தோள் என்றால் அறிவியல். இரண்டு முழங்கைகளிலும் தொங்கினால், எப்போது கழற்றிப் போடலாம் என்று காத்திருக்கும் நான்காமாண்டு. எல்லாருக்கும் ஒரே துணி, ஒரே தையல். அது சரிகிற விதத்தில்தான் நான்காண்டுப் படிப்பும் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், வட கடலைப் பார்த்து நிற்கும் சின்ன ஊர் இது. ரயில் நிலையம்கூடக் கிடையாது. பக்கத்து லூகர்ஸில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஆனால் 1413இல் போப்பாண்டவரின் ஆணை பெற்ற பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. மாணவர்கள் மதுக்கடைக்குள் நழுவினால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் சிவப்பு நிறம் வைத்தார்கள் என்று ஒரு கதை. கதை எப்படியோ, சாம்பல் கல்லும் சாம்பல் வானமும் சாம்பல் கடலுமாக இருக்கும் ஜனவரி மாதத்தில் அந்தச் சிவப்பைப் பார்க்க வேண்டும்! கழுத்துப் பட்டி மட்டும் வெல்வெட். அது கொஞ்சம் அடர்ந்த சிவப்பு. மழையில் நனைந்தால் கம்பளி இரு மடங்கு கனக்கும். உலர இரண்டு நாள் ஆகும்.

இந்தத் தோள் கணக்கை எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தவள் என் ‘தாய்’. இங்கே மூன்றாமாண்டு மாணவர்கள் முதலாண்டுக்காரர்களைப் பிள்ளைகளாகத் தத்தெடுத்துக்கொள்வார்கள். ஒரு தாய், ஒரு தந்தை, கூடவே தத்தெடுத்த அண்ணன் தம்பி அக்கா தங்கைகள் என்று முழுக் குடும்பம் அமைந்துவிடும். பழைய அங்கி எங்கே மலிவாகக் கிடைக்கும், நார்த் ஸ்ட்ரீட்டில் எந்தப் பக்கம் நடந்தால் கடல்காற்று அறையாது, டிசம்பரில் மாலை மூன்றரைக்கே இருட்டிவிடுமே, அப்போது மனம் சோராமல் இருக்க என்ன செய்வது என்பதெல்லாம் இந்தத் தாயார் வகுப்பில்தான் பாடம்.

பிள்ளை தன் நன்றியைக் காட்டப் பெற்றோருக்கு ஒரு ராத்தல் உலர்திராட்சை தருவது பழைய முறை. இப்போது திராட்சையின் இடத்தில் பெரும்பாலும் ஒரு புட்டி ஒயின். ஆனால் ரசீது மாறவில்லை. திராட்சை பெற்றுக்கொண்டேன் என்று தந்தை லத்தீனில் எழுதித் தர வேண்டும். முன்பெல்லாம் தோல்சுருளில் எழுதுவார்களாம். இப்போது எதில் எழுதுவது என்பதில்தான் தந்தையின் திறமை இருக்கிறது: சுமக்க எவ்வளவு சங்கடமான பொருளோ, அவ்வளவு சிறந்த ரசீது. தாய் போட்டுவிடும் கோமாளி வேடத்தோடு, அந்த ரசீதையும் தூக்கிக்கொண்டு, பிள்ளை அக்டோபர் மாதத் திங்கட்கிழமைக் காலையில் ஊருக்கு நடுவே நடக்க வேண்டும். நுரை பீய்ச்சி அடித்துக்கொள்ளும் பெரும் போரில் ஊர்வலம் முடியும். எனக்குப் பிடித்தது போருக்கு முந்தைய ஒரு சிறு விதி: வழியில் மூத்த மாணவர் எவரும் ரசீதை வாங்கிப் பார்க்கலாம், லத்தீனில் பிழை கண்டுபிடித்தால் பிள்ளை நின்ற இடத்திலேயே பாடிக் காட்ட வேண்டும். இத்தனை கூத்துக்கு நடுவிலும் இலக்கணத்தில் மட்டும் கண்டிப்பு!

அதே கண்டிப்பைக் கால்களிலும் பார்க்கலாம். செயின்ட் சால்வேட்டர் கோபுரத்தின் அடியில், நடைபாதைக் கற்களுக்கு நடுவே இரண்டு எழுத்துகள் பதித்திருக்கிறார்கள்: பேட்ரிக் ஹாமில்டனின் முதலெழுத்துகள். சீர்திருத்தக் கிறிஸ்தவக் கருத்துகளைப் போதித்ததற்காக, 1528 பிப்ரவரி 29 அன்று, 24 வயதில் அவரை அந்த இடத்தில் உயிரோடு எரித்தார்கள். அந்த எழுத்துகளை மிதிக்கும் மாணவர் தேர்வில் தேறமாட்டார் என்பது நம்பிக்கை. வகுப்பு மாறும் நேரத்தில் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். கைப்பேசியில் பேசிக்கொண்டும் ரொட்டியைக் கடித்துக்கொண்டும் கூட்டம் வேகமாக வரும். யாரும் தரையைப் பார்ப்பதில்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும், வாசல் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்குகிற காலைப்போல, ஒவ்வொரு காலும் அரை அடி விலகி, மறுபடி நேராகும். அவர்களில் பலருக்கு ஹாமில்டன் யாரென்று தெரிந்திருக்காது, கால்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சாபம் உண்டென்றால் பரிகாரமும் உண்டு. மே முதல் தேதி விடியற்காலையில் ஈஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரைக்குப் போய், சூரியன் எழும்போது கடலில் விழுந்து எழ வேண்டும். மிதித்த பாவமெல்லாம் போய்விடும். அப்போது தண்ணீரின் வெப்பம் பத்து டிகிரிக்கும் கீழே. இராமேசுவரத்தில் தீர்த்தமாடியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். குளிருக்கு மட்டும் அவர்களும் தயாராக இருக்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வழிபாடு முடிந்ததும், சிவப்பு அங்கிகள் வரிசையாகத் துறைமுகத்தை நோக்கி இறங்கும். கடலுக்குள் நீளும் பழைய கல்சுவரின் கீழ்த்தளத்தில் கடைசிவரை போய், இரும்பு ஏணியில் ஏறி, குறுகலான மேல்தளத்தில் திரும்பி வர வேண்டும். 1800இல் ‘ஜேனட்’ என்ற கப்பல் இந்தக் கரையருகே மணல்திட்டில் மாட்டி உடைந்தபோது, ஜான் ஹனி என்ற மாணவர் நீந்திப்போய் மாலுமிகளைக் கரைசேர்த்தார். இந்த நடை அவர் நினைவாக என்பார்கள். மேல்தளத்தில் கைப்பிடி கிடையாது. அங்கிக்குள் காற்று புகுந்தால் ஆளையே தள்ளும். அதனால் மூத்தவர்கள் அங்கியின் முன்விளிம்பு இரண்டையும் ஒரே கையில் சேர்த்து வயிற்றோடு பிடித்துக்கொள்வார்கள். புதியவர்கள் காற்று வந்தபின் பிடிக்கிறார்கள். மூத்தவர்கள் ஏணியின் கடைசிப் படியிலேயே பிடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு நொடி முந்தலை நானும் எனக்கு முன்னால் நடந்தவரைப் பார்த்துத்தான் கற்றேன்.

கல்லையும் சொல்ல வேண்டும். 1318இல் அரசர் ராபர்ட் புரூஸின் முன்னிலையில் அர்ப்பணித்த இந்த ஊர்ப் பேராலயம் ஸ்காட்லாந்திலேயே பெரியதாக இருந்தது. 1559இல் சீர்திருத்தக்காரர்கள் அதைச் சூறையாடினார்கள். அதன்பின் ஊரார் வீடு கட்டவும் மதில் எடுக்கவும் அங்கிருந்து கல்லை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஏதோ ஒரு தோட்டச் சுவரில், சாதாரணக் கற்களுக்கு நடுவே ஒரு கல் மட்டும் காரணமில்லாமல் வளைந்து செதுக்கப்பட்டிருக்கும். அது ஒரு தூணிலோ வளைவிலோ இருந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அன்று வகுப்புக்குத் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை.

சவுத் ஸ்ட்ரீட்டில் ஒரு கட்டடத்தின் பெயர் தமிழ்நாட்டிலிருந்து போன எவரையும் நிறுத்திவிடும்: மெட்ராஸ் காலேஜ். 2021இல் ஊர் எல்லையில் புதிய வளாகத்துக்கு இடம்மாறும்வரை இந்தப் பெயருள்ள உயர்நிலைப் பள்ளி இந்தக் கட்டடத்தில் இயங்கியது. இதே ஊரில் 1753இல் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்து, இதே பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்ட்ரூ பெல், 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியிலும் நடத்தச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை, தன்னிலும் சின்னவர்களுக்குச் சொல்லித்தர உட்கார வைத்தார். வேலை நடந்தது. 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ உலகம் சுற்றியது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நமக்குப் பழைய செய்தி. 1832இல் இறந்த பெல் விட்டுச்சென்ற பணத்தால் சொந்த ஊரில் எழுந்த பள்ளிக்குச் சென்னையின் பெயரே நின்றுவிட்டது.

பெல்லின் முறையிலிருந்துதான் மாணவர் குடும்பங்கள் வந்தன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டிலும் நடப்பது ஒன்றே: ஓரடி முன்னால் போனவர் பின்னால் வருகிறவருக்குச் சொல்லித்தருகிறார். பெல்லின் முறை, ஒரே ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மலிவாகப் படிக்க வைக்கும் இயந்திரமாகி, சில பத்தாண்டுகளில் மங்கிப்போனது. செயின்ட் ஆண்ட்ரூஸ் மாணவர்களிடம் இந்தச் சொல்லித்தரல் இன்னும் நன்றாக ஓடுகிறது. காரணம், அவர்கள் சொல்லித்தருவது எதற்கும் மதிப்பெண் கிடையாது. அங்கியைச் சரிய விடுவதும், இரண்டு எழுத்துக்கு ஒதுங்குவதும், காற்றுக்கு முன் விளிம்பைப் பிடிப்பதும் எந்தச் சான்றிதழிலும் ஏறப்போவதில்லை. அதனால்தானோ என்னவோ, சொல்லித்தருகிறவர் ஆசையோடு சொல்லித்தருகிறார், கற்றுக்கொள்கிறவருக்கும் மறப்பதில்லை. கடல்தாண்டிப் படிக்கப் போகிறவர்கள் நூலகத்தையும் ஆய்வகத்தையும் விசாரித்துவிட்டுப் போவது சரிதான். போய்ச் சேர்ந்ததும், தங்களுக்கு மேல் வகுப்பில் படிக்கிற ஒருவரோடு சும்மா நடந்துவரவும் கொஞ்சம் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.