அச்சமும் சாட்சியமும்: ‘லக்கி’யை மீண்டும் வாசித்தல்

குற்றமொன்றுக்கு இலக்காகி உயிர்தப்பியவர் எழுதும் தன்வரலாறு, தொடக்கத்திலேயே ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றது. நூல் நம் கரங்களில் இருப்பதே அதனை எழுதியவர் பிழைத்துக்கொண்டார் என்பதற்குச் சான்று. ‘இவர் தப்புவாரா?’ என்ற வினாவைக் கொண்டு புனைகதையாசிரியர் வாசகரை ஈர்த்துச் செல்வது போல இவரால் செல்ல இயலாது. அவ்வாறாயின் இத்தகைய நூல்களில் அச்சமும் எதிர்பார்ப்பும் எங்கிருந்து பிறக்கின்றன? அவற்றுக்கு விலை ஏதும் உண்டா?

அமெரிக்க எழுத்தாளர் அலிஸ் செபோல்ட் 1999இல் வெளியிட்ட ‘லக்கி’ எனும் நூல் இவ்வினாக்களை ஆராய்வதற்கு மிகவும் ஏற்றது. 1981 மே மாதம், நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவியாக இருந்தபோது, அருகிலிருந்த பூங்காவின் சுரங்கவழியொன்றில் அவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதே இடத்தில் முன்னர் ஒரு பெண் கொலையுண்டாள் என்றும், அவளோடு ஒப்பிடுகையில் இவர் அதிர்ஷ்டசாலி என்றும் காவல்துறையினர் அவரிடம் கூறினர். நூலின் தலைப்பு அக்கூற்றிலிருந்து பிறந்ததாகும்.

செபோல்ட் அக்கொடுமையை நூலின் இறுதிக்கென ஒதுக்கி வைக்கவில்லை. முதல் அத்தியாயத்திலேயே, ஒரு வாக்குமூலத்தின் வறண்ட தொனியில் அதனைச் சொல்லி முடித்துவிடுகின்றார். அதன் பின்னரே உண்மையான அச்சம் தொடங்குகின்றது. வீடு திரும்பிய மகளிடம் தந்தை ஓர் ஐயத்தை எழுப்புகின்றார்: போராட்டத்தில் கத்தி அவன் கையிலிருந்து நழுவிவிட்டதெனில், அதன் பிறகு அது எவ்வாறு நிகழ்ந்தது? அன்புமிக்க ஒரு தந்தையின் இவ்வெள்ளை வினா, சுரங்கவழியின் இருளைவிட வாசகரை அதிகம் நடுங்கச் செய்கின்றது. தன்னை எவரும் நம்பமாட்டார்களோ என்ற பீதி இனி ஒவ்வொரு பக்கத்திலும் நிழலாகத் தொடர்கின்றது. நூலின் கலை வெற்றி இங்குதான் உள்ளது எனலாம்.

எனினும் நூலின் பிற்பகுதியை நாம் வேறொரு கண்கொண்டு நோக்க வேண்டியுள்ளது. சம்பவம் நிகழ்ந்து ஐந்து மாதங்களின் பின் தெருவில் ஒரு கறுப்பின இளைஞரைக் காணும் செபோல்ட், அவரே தன்னைத் தாக்கியவர் என நம்பிக் காவல்துறையில் முறையிடுகின்றார். பின்னர் நடைபெறும் அடையாள அணிவகுப்பில் அவர் சுட்டிக்காட்டுவதோ வேறொருவரை. கைதானவர் நான்காம் இடத்தில் நின்றார். இவர் தெரிவு செய்தது ஐந்தாமவரை. இத்தவற்றை நூலே மறைக்காது கூறுகின்றது. ஆயினும் அதனை வாசித்தபோது நம் உள்ளத்தில் எழுந்த பதற்றம் யாது? ‘வழக்கு தோற்றுவிடுமோ?’ என்பதேயன்றி, ‘இவர்தானா அவர்?’ என்பதன்று. கதையின் விறுவிறுப்பு நமது வினாவைத் திசைதிருப்பிவிட்டது. ஐயத்திற்கான சான்று கண்முன்னே அச்சாகியிருந்தும் அதனைத் தாண்டிச் செல்லும் ஒரு தடையாக மட்டுமே வாசித்தோம்.

அந்த இளைஞருக்கு நூலில் ஒரு புனைபெயரே வழங்கப்பட்டது. அவரது இயற்பெயர் அந்தோணி பிராட்வாட்டர். நீதிமன்றத்தில் செபோல்ட் அவரைச் சுட்டிக்காட்டியதையும், நுண்ணோக்கிவழி முடி ஒப்பீட்டையும் ஆதாரமாகக் கொண்டு 1982இல் அவர் தண்டிக்கப்பட்டார். அம்முடி ஒப்பீட்டு முறை பிற்காலத்தில் நம்பகமற்றதெனக் கைவிடப்பட்டது. பதினாறு ஆண்டுகள் சிறையிலிருந்து 1998இல் வெளிவந்த பின்னரும் பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் அவர் பெயர் நீடித்தது. அவ்விழுக்குக்கு அஞ்சிப் பிள்ளைப்பேற்றையே அவர் தவிர்த்துக்கொண்டார். ‘லக்கி’யைத் திரைப்படமாக்கும் முயற்சியில் பங்குகொண்ட ஒருவருக்கு விசாரணைப் பகுதி குறித்து எழுந்த ஐயமே மறுஆய்வுக்கு வழிவகுத்தது. 2021 நவம்பர் 22இல் நீதிமன்றம் தீர்ப்பை இரத்துச் செய்தது. செபோல்ட் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். பதிப்பகம் நூலின் விநியோகத்தை நிறுத்தியது. 2023இல் நியூயோர்க் மாநிலம் 55 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்க உடன்பட்டது.

இதனைக் கொண்டு பாதிக்கப்பட்ட பெண்களின் சொல்லை நம்பலாகாது என எவரேனும் வாதிட முற்படின் அது பெரும் அநீதியாகும். கொடுமை நிகழ்ந்தது உண்மை, செபோல்ட் பொய்யுரைக்கவுமில்லை. நேர்மையானவரின் நினைவும் பிழைக்கக்கூடும் என்பதே இங்கு நாம் பெறும் பாடம். ஹதீஸ் கலை அறிஞர்கள் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். அறிவிப்பாளரின் அதாலத் எனும் நேர்மையை வேறாகவும், ளப்த் எனும் நினைவின் துல்லியத்தை வேறாகவும் அவர்கள் எடைபோட்டனர். வணக்கசாலியான ஒருவரையும் நினைவுப் பிழை காரணமாகப் பலவீனமானவர் எனக் கணிக்க அவர்கள் தயங்கவில்லை. அது அவரது மார்க்கப் பற்றின் மீதான பழியாகவும் கொள்ளப்படவில்லை.

தன்வரலாற்றுத் திறனாய்வுக்கும் இவ்வளவுகோல் தேவைப்படுகின்றது. தன் அச்சத்துக்கு எழுத்தாளரே முழுமையான சாட்சி. அதில் நாம் குறுக்கிட இடமில்லை. ஆனால் அச்சம் விரல் நீட்டிப் பிறிதொரு மனிதரைச் சுட்டும் கணத்தில், அது இன்னொருவரின் வாழ்வைப் பற்றிய கூற்றாகிவிடுகின்றது. அவ்விடத்தில் எழுத்தின் வேகம் தணிய வேண்டும். ஐயம் தனக்குரிய இடத்தைப் பெற வேண்டும். எழுத்தாளர் அதற்குத் தவறினும் வாசகர் தவறலாகாது. ‘லக்கி’யை முதன்முறை வாசித்தபோது மூச்சடக்கிப் பக்கங்களைப் புரட்டிய நாம், நான்காம் இடத்தில் நின்ற மனிதரின் அச்சத்தை ஒரு கணமேனும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த அச்சத்தை எழுதுவதற்கு அன்று எவரும் இருக்கவில்லை.