ஒருவர் துணிவும் பலர் துணையும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சைக் களிமண்ணில் செய்த பொருள் நெளிந்துவிட்டால் அதை நீரில் கரைத்து மறுபடியும் உருவாக்கலாம். சூளையில் சுட்டபின் உடைந்தால் அது மீண்டும் களிமண்ணாவதில்லை. நம் முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடமும் ஏறக்குறைய இப்படித்தான். கையிலோ காலிலோ நரம்பு அறுந்தால் அது மெல்ல வளர்ந்து கூடக்கூடும். தண்டுவடத்து நரம்பிழைகள் அறுந்தால் பயன்தரும் அளவுக்கு வளர்வதில்லை. மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்தவர்களும் சாலை விபத்தில் சிக்கியவர்களும் இவ்வாறு உணர்ச்சியையும் அசைவையும் இழப்பது உண்டு.

அப்படி இழந்த ஒரு மருத்துவரின் வரலாறுதான் 'டேக் மை ஹேண்ட்ஸ்' என்னும் ஆங்கில நூல். அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் எழுதி 1963இல் வெளிவந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவரான மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அறுவை மருத்துவர் பால் பிராண்டு தந்த ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வேலூர் திரும்பினார்.

மாணவர்கள் படிக்கத்தக்க நூல்தான் இது. ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஒருவரது மன உறுதியும் இறை நம்பிக்கையுமே அவரைத் தூக்கி நிறுத்தின என்ற எண்ணத்துடன் வாசகர் நூலை மூடி வைக்கிறார். மேரி வர்கீசைச் சுற்றி ஒரு பெரிய மருத்துவமனையே இருந்தது. அவருடைய நிலையை அறிந்த தோழர்கள் இருந்தனர். நூலிலேயே அவர்கள் வருகிறார்கள். ஆனால் துணைப் பாத்திரங்களாகவே வருகிறார்கள். விருத்தாசலத்தில் சாரத்திலிருந்து விழும் ஒரு கொத்தனாருக்கு அத்தகைய தோழர்கள் எங்கே? 'நீயும் அவரைப்போல் துணிவாய் இரு' என்று அவரிடம் சொல்வது உதவியாகுமா? எண்ணிப் பாருங்கள்.

அவருக்குத் தேவையானவை மிக எளிய செய்திகள். உணர்ச்சியற்ற தோல் வலியைச் சொல்லாது. ஆகவே படுக்கையில் இருக்கும்போது ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை புரள வேண்டும். நாற்காலியில் இருக்கும்போது அடிக்கடி கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் தோன்றும். சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாவிடில் உரிய நேரத்தில் குழாய் வைத்து வெளியேற்ற வேண்டும். தவறினால் சிறுநீரகம் பழுதாகும். காயத்தில் தப்பியவர் புண்ணாலும் சிறுநீரகக் கோளாறாலும் மாண்டுபோகலாம்.

இவற்றை மருத்துவர் சொல்கிறார், நோயாளி தலையாட்டுகிறார். அதையே பத்து ஆண்டுகள் சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஒருவர் செய்து காட்டும்போது நிலைமை வேறு. கண்ணாடியைப் பிடித்து முதுகுத் தோலைப் பார்ப்பது எப்படி, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது எப்படி, ஊராரின் இரக்கப் பேச்சுக்கு என்ன விடை சொல்வது என்பவற்றை அவரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 'இதற்குப் பிறகும் வாழ்க்கை உண்டு' என்பதற்கு அவரே சான்றாக எதிரில் அமர்ந்திருக்கிறார்.

நூல் வெளிவந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 1966இல், மேரி வர்கீசின் முயற்சியால் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உள்நோயாளரைத் தங்கவைத்துப் பயிற்சி தரும் நிலையங்களில் இந்தியாவில் அதுவே முதலாவது. அங்கே பயிற்சி பெற்றுச் சென்றவர்கள் மீண்டும் கூடும் 'ரீஹேப் மேளா'வும் நடந்து வருகிறது. அங்கு உடற்பரிசோதனையும் உண்டு, விளையாட்டும் உண்டு. என் கருத்தில் மேரி வர்கீஸ் வரலாற்றின் சிறந்த அத்தியாயம் இதுவே. நூலில் அது இடம்பெற வழியில்லை.

மற்றொரு சான்று தென்காசி மாவட்டத்து ஆய்க்குடி. பொறியியல் மாணவராயிருந்தபோது, கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். இராமகிருஷ்ணன். 1981இல் அவர் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள தணிக்கையாளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். 2020இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருதைக் காட்டிலும் நாம் கவனிக்க வேண்டியது, உதவி பெறுபவராகக் கருதப்பட்டவர் உதவியை நடத்துபவர் ஆனதே.

பட்டறிவுள்ள தோழர் மருத்துவருக்கு மாற்றாகிவிட மாட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. காய்ச்சலோ, புண்ணோ, சிறுநீரில் மாற்றமோ கண்டால் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். நல்ல தோழர் அதைத்தான் முதலில் சொல்வார்.

ஆகவே வாசகர்களே, இந்நூலைப் படியுங்கள்; மேரி வர்கீசை வியந்ததோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தெருவில் வெளியே வராமல் படுத்திருப்பவர் எவரேனும் இருக்கிறாரா? அடுத்த ஊரில் சக்கர நாற்காலியில் கடை நடத்துபவர் எவரேனும் இருக்கிறாரா? அவ்விருவரையும் ஒருநாள் சந்திக்க வையுங்கள். அறுந்த தண்டுவடத்தை இணைக்க நம்மால் இயலாது. இந்த இருவரை இணைக்க இயலும்.